ஏற்காட்டு மலைக்கு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ்: வான்வழி அவசர சிகிச்சை ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக் கல்லூரிகளிலும் ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் முதலுதவி வகுப்பு எடுக்கும் செவிலியர் நான். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காடு மலைப்பாதையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதிலிருந்து, எந்த வகுப்பிலும் ஹெலிகாப்டர் பேச்சு வராமல் இருப்பதில்லை. ஓட்டுநர்கள், மேஸ்திரிகள், நர்சிங் மாணவிகள், பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதியில் விட்டிருக்கும் பெற்றோர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ஏர் ஆம்புலன்ஸ்னா என்னங்க? வசதியானவங்க சென்னைக்கு ஃபிளைட்ல பேஷண்டைக் கொண்டு போவாங்களே, அதானா?

அது ஒரு வகை. ஒரு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சேர்த்துவிட்ட நோயாளியைச் சிறிய விமானத்தில் வேறு ஊருக்கு மாற்றுவது. அதற்கு ஓடுபாதை வேண்டும். நம் பக்கத்தில் காமலாபுரம் விமான நிலையம்தான் இருக்கிறது.

இங்கே நான் பேசுவது இன்னொரு வகை. அடிபட்டவர் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மருத்துவக் குழு ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கும். சுவிட்சர்லாந்தில் ரேகா அமைப்பு 1952இல் தொடங்கியது. ஜெர்மனியின் மியூனிக்கில் 1970இலிருந்தும் லண்டனில் 1989இலிருந்தும் இந்தச் சேவை நடக்கிறது. நம் நாட்டில் ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபர் 29 முதல் ‘சஞ்சீவனி’ என்ற பெயரில் உத்தராகண்ட் மலை ஊர்களுக்கு இப்படி ஒரு ஹெலிகாப்டரை அனுப்பத் தொடங்கியது.

ஹெலிகாப்டர் வேகமா போகும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

வேகத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் முன்பே என்ன செய்தால் உயிர் நிற்கிறது, அதை யார் செய்ய வேண்டும், எத்தனை நிமிடத்துக்குள் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. நிறைய ரத்தம் போனவருக்கு இடத்திலேயே பத்து நிமிடம் செலவழித்துச் செய்யும் ஒரு காரியம் அவரைக் காப்பாற்றவும் செய்யலாம், அந்தப் பத்து நிமிடத்தாலேயே அவர் போகவும் செய்யலாம். ஊகித்து முடிவு கட்டுகிற விஷயம் இல்லை இது.

ஹெலிகாப்டர் குழுக்கள் இந்த ஆராய்ச்சியில் முன்னால் நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆட்கள் குறைவு, பயிற்சி அதிகம், ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் முழுப் பதிவு இருக்கும், பயண நேரமும் நீளம். நார்வேயில் மக்கள் கொடுக்கும் நன்கொடையிலேயே ஒரு வான்வழி ஆம்புலன்ஸ் அறக்கட்டளை நடக்கிறது. அது முனைவர் பட்ட ஆய்வாளர்களை வைத்து இந்தக் கேள்விகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

இதுவரைக்கும் உருப்படியா என்ன கண்டுபிடிச்சாங்க?

என் மனதில் முதலில் நிற்பது அமெரிக்காவில் நடந்த பாம்பர் ஆய்வு, 2018இல் வெளிவந்தது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருட்கள், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இருக்கின்றன. அதை ஆஸ்பத்திரியில் ஏற்றுவதற்குப் பதிலாக ஹெலிகாப்டரிலேயே ஏற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். கடுமையாக அடிபட்டு ரத்த அழுத்தம் விழுந்த 501 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 33 சதவீதம் பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். பிளாஸ்மா பெற்றவர்களில் அது 23.2 சதவீதம். நூறு பேருக்குப் பத்துப் பேர் வித்தியாசம். அவசர சிகிச்சையில் இந்த அளவு வித்தியாசம் அபூர்வம்.

அதை நடத்திய விதம் எனக்கு இன்னும் பிடிக்கும். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஆனால் ரத்தம் கொட்டும்போது ஒவ்வொருவருக்கும் சீட்டுக் குலுக்க நேரம் ஏது? அதனால் ஹெலிகாப்டர் நிற்கும் தளங்களையே குலுக்கினார்கள். ஒரு தளத்தில் இந்த மாதம் பிளாஸ்மா என்றால் மாதம் முழுக்கப் பிளாஸ்மா, அடுத்த முறை வேறாக வரலாம். ‘இவர் பிழைப்பார், இவருக்குக் கொடுக்கலாம்’ என்று யாரும் பொறுக்கி எடுக்க வழியே இல்லை.

அப்போ எல்லா 108 வண்டியிலயும் பிளாஸ்மா பையை வெச்சிடலாமே?

அவசரப்பட முடியாது. அதே 2018இல் டென்வர் நகரில் சாலை ஆம்புலன்ஸில் நடந்த கோம்பாட் ஆய்வில் பிளாஸ்மாவால் எந்த நன்மையும் தெரியவில்லை. அங்கே பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு இரண்டு ஆய்வுகளின் தரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பயணம் 20 நிமிடத்துக்கு மேல் போனவர்களிடம்தான் பலன் தெரிந்தது. பிரிட்டனில் ரீஃபில் என்ற ஆய்வு 2022இல் முடிவு சொன்னது. 432 பேருக்கு முத்திரையிட்ட பெட்டிகளைத் திறந்து சிகிச்சை கொடுத்தார்கள். சில பெட்டிகளில் ரத்த அணுக்களும் உலர்த்திய பிளாஸ்மாவும், மற்றவற்றில் வெறும் உப்புநீர் மட்டும். பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று குழுவுக்கே தெரியாது. இரண்டு பக்கத்துக்கும் தெளிவான வித்தியாசம் வரவில்லை.

அந்த 20 நிமிடக் கணக்கு ஏற்காட்டுக்காரர்களுக்கு முக்கியமானது. ஊரிலிருந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள்; ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள் வேறு. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் என்றால் அதற்கும் மேல். நகரத்தில் பலன் தராத ஒன்று மலையில் தரலாம். தரும் என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் வைத்துத்தான் அதைப் பார்க்க வேண்டும். பிளாஸ்மாவைக் குளிரிலேயே காக்க வேண்டும், உருக்கியதைக் குறித்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும். வீணாகும் ஒவ்வொரு பையும் ஒருவர் தானமாகத் தந்தது.

மேடம், டிரனெக்சாமிக் ஊசியை மலையிலயே போடறது நல்லதா, கீழ வந்து போட்டா போதுமா? *(நர்சிங் மாணவி)*

உறைந்த ரத்தம் கரையாமல் காத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து இது. சீக்கிரம் போடுவதுதான் நல்லது. 2010இல் வந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளின் 20,211 நோயாளிகள் இருந்தார்கள். இந்திய ஆஸ்பத்திரிகளும் பெரிய பங்கு எடுத்தன. இந்த மலிவான மருந்தால் இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் பலன் இல்லை, கெடுதல்கூட வரலாம் என்பதும் அதே ஆய்வின் தரவிலிருந்து தெரியவந்தது.

அடுத்து ஸ்டாம்ப் என்ற ஆய்வில், ஹெலிகாப்டரிலும் சாலை ஆம்புலன்ஸிலும் வழியிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் தெளிவான வித்தியாசம் இல்லை. அடிபட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஊசி பெற்றவர்களிடம் இறப்பு 7.6க்கு 4.6 சதவீதம் என்று குறைந்திருந்தது. 2023இல் வந்த பேட்ச் ஆய்வு நம்மைக் கொஞ்சம் நிதானிக்க வைத்தது. வழியில் ஊசி பெற்றவர்கள் ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள் என்று அதனால் காட்ட முடியவில்லை. நல்ல மருந்து, ஆனால் அதை மட்டும் நம்பிக் காயத்தை அழுத்தாமல் விடக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்குக்கும் இதே மருந்து உதவும் என்று 20,060 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் காட்டியது. தூளி கட்டிக் கர்ப்பிணியைத் தூக்கிவந்த அனுபவம் உள்ள மலைக் கிராமங்களுக்கு நான் அதிகம் சொல்வது இதைத்தான். ஊசி போடுவதா வேண்டாமா என்பதை மருத்துவரின் உத்தரவு முடிவு செய்யும். மாணவிகள் தாங்களாக எடுக்க வேண்டாம்.

தலையில அடிபட்டு மயக்கமா இருக்கறவங்களுக்கு வழியிலயே தொண்டையில குழாய் விடறாங்களாமே, ஆபத்து இல்லையா?

ஆபத்து உண்டு. பழகிய கையா, பழகாத கையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பக்கம் நன்கு பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள் 312 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. இடத்திலேயே மயக்க மருந்து கொடுத்துக் குழாய் வைத்தவர்களில் 51 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆஸ்பத்திரி போன பிறகு வைத்தவர்களில் 39 சதவீதம். ஆனால் வழியிலேயே இதயம் நின்றுபோனதும் முதல் பிரிவில்தான் அதிகம்.

அதனால்தான் ஹெலிகாப்டர் குழுக்கள் குழாய் வைப்பதற்கு முன் ஒரு பட்டியலைச் சத்தமாகப் படிக்கின்றன. ஒருவர் படிக்க, மற்றவர் பொருளைத் தொட்டுக் காட்டி ‘இருக்கிறது’ என்பார். ஆக்சிஜன், உறிஞ்சும் கருவி, மாற்றுக் குழாய் என்று ஒன்றொன்றாக. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை மூச்சில் வரும் கரியமில வாயுவை அளந்து பார்க்கிறார்கள். ஹெலிகாப்டர் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. திரையில் அலை எழுந்தால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது. கோடு தட்டையாக ஓடினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

ஹெலிகாப்டர்ல போனவங்கதான் அதிகமா இறந்தாங்கன்னு எங்கயோ படிச்சேன். நிஜமா?

வெறும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் நிஜம். 2012இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2,23,475 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டது. ஹெலிகாப்டரில் வந்தவர்களில் 12.6 சதவீதம் பேர் இறந்தார்கள், சாலையில் வந்தவர்களில் 11. ஆனால் ஹெலிகாப்டரை யாருக்கு அழைப்பார்கள்? மோசமாக அடிபட்டவருக்கு. வயது, காயத்தின் கடுமை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சமன்செய்து கணக்கிட்டபோது நிலைமை தலைகீழானது. ஹெலிகாப்டரில் வந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்புதான் கூடுதலாக இருந்தது.

இதற்கும் மறுபேச்சு உண்டு. பழைய பதிவுகளை எவ்வளவு சமன்செய்தாலும் எழுதாமல் விட்டதைச் சமன்செய்ய முடியாது. குலுக்கிப் பார்த்தால்தான் உறுதி என்று சிட்னியில் தலைக்காய நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2015இல் வெளிவந்தது. சாலை வழி என்று குலுக்கலில் வந்தவர்களில் பலருக்கும் மருத்துவர் குழு போய்ச் சேர்ந்ததால், இரண்டு பிரிவுகளும் கலந்து, தெளிவான விடை கிடைக்காமல் போனது. அந்த நேரத்தில் உதவிக்குப் போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட ஆய்வு எவ்வளவு கடினம் என்பது அதிலிருந்து புரிகிறது.

சுயநினைவே இல்லாதவங்ககிட்ட சம்மதம் வாங்காம ஆராய்ச்சி பண்ணலாமா? ஏழைங்களத்தானே சோதனை எலியாக்குவாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு எஸ்டேட் தொழிலாளி. எல்லா ஆய்வுக்கூட்டத்திலும் முதல் கேள்வியாக இது இருக்க வேண்டும் என்பேன். அமெரிக்காவில் இதற்கென்று 1996இலிருந்து தனிச் சட்ட விதி இருக்கிறது. உயிர் போகிற நிலை, பேச முடியாத நோயாளி, வேறு வழியில் அறிய முடியாத கேள்வி என்றால் மட்டுமே அனுமதி. முன்கூட்டியே அந்தப் பகுதி மக்களிடம் போய் விளக்கிக் கருத்துக் கேட்க வேண்டும். ‘என்னைச் சேர்க்காதீர்கள்’ என்று சொல்ல விரும்புவோருக்குக் கைப்பட்டை தரும் ஆய்வுகளும் உண்டு. பிரிட்டனில் சிகிச்சைக்குப் பிறகு நோயாளியிடமோ உறவினரிடமோ சொல்லிச் சம்மதம் கேட்கிறார்கள்; தொடர மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

நம் நாட்டில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மருந்துச் சோதனையைத் தொடங்கக் கூடாது. சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதியவும் வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஏற்காட்டில் இப்படி ஒரு ஆய்வு வந்தால், ஊர்க் கூட்டத்தில் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ரோட்டுலயே நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்றாங்களாமே?

லண்டன் குழு செய்கிறது. நெஞ்சில் கத்திக்குத்துப்பட்டு இதயம் நின்றுபோன 71 பேருக்கு இடத்திலேயே நெஞ்சைத் திறந்ததில் 13 பேர் பிழைத்தார்கள் என்று 2011இல் வெளியிட்டார்கள். செய்யாவிட்டால் ஏறக்குறைய எல்லோரும் போயிருப்பார்கள்.

தொடை நாளம் வழியாக ஒரு பலூனை விட்டு, உள்ளே கொட்டும் ரத்தத்தை அடைக்கும் முறையையும் அதே குழுதான் 2014இல் உலகில் முதன்முறையாக ஆஸ்பத்திரிக்கு வெளியே செய்தது. எல்லோரும் வியந்தார்கள். பிறகு பிரிட்டன் ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் 90 பேரை வைத்துக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2023இல் முடிவு வந்தது. பலூன் பிரிவில் 54 சதவீதம் பேர் இறந்தார்கள், மற்றதில் 42. கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிற ஒன்று உயிரைக் காக்கிறதா என்பதை எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை.

சரிங்க, ஏற்காட்டுக்கு ஹெலிகாப்டர் வேணுமா வேண்டாமா? நேராச் சொல்லுங்க.

எங்கே நிறுத்தி வைப்பார்கள் என்பதைப் பொறுத்தது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர்தான். சேலத்திலேயே நின்றால் சில நிமிடப் பறப்பு. கோவையிலிருந்து வர வேண்டும் என்றால் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கிளம்பும் நேரத்தையும் சேர்த்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல். அதற்குள் 108 வண்டி அடிவாரத்தை நெருங்கியிருக்கும். ஊருக்குள்ளிருந்து இறங்குவதற்கு ஹெலிகாப்டர் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது.

பாதை அடைபடும் நாளில் கதை வேறு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அப்படிப்பட்ட நாளில் மலைக்கு இருக்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியும் சுற்று வழிதான். ஆனால் அதே மழைமேகத்துக்குள் ஹெலிகாப்டரும் வர முடியாது. என் கருத்து இது: தமிழ்நாட்டு மலைகளுக்கெல்லாம் சேர்த்துச் சேலம் போல நடுவில் ஒரு தளம் வந்தால் வரவேற்பேன். அதற்கு முன் ஏற்காட்டு அரசு மருத்துவமனையிலும் மலையேறும் 108 வண்டிகளிலும் ஹெலிகாப்டர் குழுவின் பயிற்சியும் பொருட்களும் வர வேண்டும். பாம்பர் ஆய்வில் பலன் தந்தது பிளாஸ்மா. எல்லா நோயாளிகளும் ஒரே மாதிரி ஹெலிகாப்டரில்தான் வந்தார்கள், அதனால் அந்த வித்தியாசம் ஹெலிகாப்டரால் வந்ததில்லை.

மலை உசரத்துல ஏத்திட்டுப் பறந்தா மூச்சு முட்டாதா?

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 85 சதவீதம். உயரம் போகப் போக, உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். நுரையீரல் கிழிந்து நெஞ்சுக்குள் காற்று சேர்ந்தவருக்கு அது ஆபத்து. ஆனால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வருபவர் இறங்கித்தானே வருகிறார்? கவலை அதிகம் வேண்டியது, காமலாபுரத்திலிருந்து விமானத்தில் தொலைதூரம் கொண்டுபோகும்போதுதான். கிளம்பும் முன்பே நெஞ்சுக் காற்றை வெளியேற்றக் குழாய் வைத்துவிடுவார்கள்.

கேதார்நாத்ல மருத்துவ ஹெலிகாப்டரே விழுந்துச்சே?

2025 மே 17 அன்று ரிஷிகேஷ் எய்ம்ஸின் ஹெலிகாப்டர் நோயாளியை அழைத்துவரப் போன இடத்தில், இறங்கும்போது வால் பகுதி உடைந்தது. உள்ளே இருந்த மூவரும் தப்பினார்கள். மலைக்காற்றும் குறுகலான இடமும் எப்போதும் ஆபத்துதான். ‘இப்போது பறக்க வேண்டாம்’ என்று விமானி சொன்னால் அதுவே கடைசிச் சொல்லாக இருக்க வேண்டும். நோயாளி குழந்தையா, எவ்வளவு மோசம் என்பதை விமானியிடம் சொல்லாமலே முடிவு கேட்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. மனம் இளகி மேகத்துக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் நவம்பர், டிசம்பர் மாதங்களில் பனிமூட்டம் எப்படி இறங்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஹெலிகாப்டர் வராட்டியும் இந்த ஆராய்ச்சியால எங்களுக்கு என்ன பிரயோசனம்?

நிறைய. மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏணி வைத்து ஏறியவர் விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் ரத்தம் கொட்டுகிறது, மழைத் தூறல் வேறு. உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறைந்து நிற்காது. உறையாவிட்டால் இன்னும் போகும், இன்னும் குளிரும். அதனால் காயத்தை நேராக, விடாமல் அழுத்துங்கள். நனைந்த சட்டையைக் கழற்றி, முதுகுக்குக் கீழேயும் கம்பளியைப் போட்டு மூடுங்கள். தண்ணீரோ காபியோ குடிக்கக் கொடுக்காதீர்கள். 108க்குச் சொல்லும்போது எஸ்டேட் பெயருடன் எந்தக் கேட், வண்டி எதுவரை வரும் என்பதையும் சொல்லுங்கள். அடிபட்ட நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். மேலே சொன்ன டிரனெக்சாமிக் ஊசிக்கு அந்த நேரம்தான் கணக்கு.

சாலை விபத்து என்றால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. உதவியவரைப் போலீஸ் விசாரணையில் அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு பாதுகாக்கிறது.

ட்ரோன்ல ரத்தம் அனுப்பலாம்ல?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 மே மாதம் தில்லிப் பகுதியில் ட்ரோனில் ரத்தப் பைகளை அனுப்பிச் சோதித்தது. மலைக்கு நல்ல யோசனை. ஆனால் மேலே ரத்தம் வந்த பிறகு அதைப் பொருத்தம் பார்த்து ஏற்ற ஆள் வேண்டும்.

நம்ம ஊர்லயே இப்படி ஒரு ஆராய்ச்சி ஆரம்பிக்கணும்னா எங்க தொடங்கறது?

நேரத்திலிருந்து. அழைப்பு வந்தது, வண்டி கிளம்பியது, நோயாளியைத் தொட்டது, இடத்தை விட்டுப் புறப்பட்டது, ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தது என்று ஐந்து நேரங்கள். கூடவே முதல் ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு அளவு, என்ன செய்தோம், 30ஆம் நாள் உயிருடன் இருக்கிறாரா. மருத்துவரே நேரில் போகும் அவசரக் குழுக்கள் எதையெல்லாம் பதிய வேண்டும் என்று ஐரோப்பிய நிபுணர்கள் ஒத்துக்கொண்ட ஒரு பொதுப் படிவம் 2011இல் வெளிவந்தது. ஒரே படிவம் இருந்தால்தான் ஒரு நாட்டுப் பதிவையும் இன்னொரு நாட்டுப் பதிவையும் ஒப்பிட முடியும்.

இதில் கடைசித் தகவல்தான் கிடைக்காது. மலையில் ஏற்றிய நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்று ஆம்புலன்ஸ் ஊழியருக்குத் தெரிவதே இல்லை. ஆம்புலன்ஸ் எண்ணையும் ஆஸ்பத்திரி எண்ணையும் இணைத்து, பெயரை நீக்கிப் பாதுகாத்தால் ஓராண்டிலேயே ஏற்காட்டுக்கு என்ன தேவை என்று பேசுவதற்கு ஆதாரம் கிடைத்துவிடும். நர்சிங், அவசர மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு இந்த மாவட்டத்தில் இல்லை.

எங்க எஸ்டேட்ல ஹெலிகாப்டர் இறங்க இடம் ஒதுக்கி வைக்கலாமா? எப்படி இருக்கணும்?

வைக்கலாம். சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர், சமதளம், கெட்டியான தரை. காபிச் செடிகளுக்கு நடுவே மரம் நிற்காத இடம் கிடைப்பது கஷ்டம். பள்ளி விளையாட்டு மைதானங்கள்தான் தோது. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் மேலிருந்து பார்க்கும் விமானிக்குத் தெரியாது, அதனால் எங்கே போகிறது என்று முன்பே குறித்துக் கொடுங்கள். காபி உலர்த்தப் போட்ட தார்ப்பாய், சாக்கு, தகரம் எல்லாவற்றையும் அகற்றுங்கள். காற்றில் கிளம்பி விசிறியில் சிக்கும்.

இறங்கிய பிறகு விமானி கைகாட்டும்வரை யாரும் கிட்டே போகக் கூடாது. வால் பக்கம் எக்காரணம் கொண்டும் போகக் கூடாது. தரை சரிவாக இருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்து நெருங்காதீர்கள். அந்தப் பக்கம் விசிறி தலைக்கு எட்டும் உயரத்தில் சுற்றும். பள்ளத்துப் பக்கமாக, விமானியின் கண்ணில் படும்படி, குனிந்து வாருங்கள்.